மரம் எண் 4417இல் பூனை இல்லை

பிரேசர் டவுனில் ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பின் மதிலை ஒட்டி, ஒரு புங்கமரத்தடியில் சரளாவின் இஸ்திரி வண்டி நின்றது. மரம் அரசாங்கத்துடையது, வண்டி சரளாவுடையது, நிழல் யாருடையது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அரசாங்கம் கேட்க மறந்த கேள்விகள் இந்த ஊரில் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று என்பதால்தான் பதினெட்டு வருடங்களாக அவள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அதில் பதினான்கு வருடம் அவள் கணவர் கோவிந்தப்பாவும் கூட நின்றார். அவர் காலமான பிறகு வண்டி மட்டும் அதே அளவில் இருந்தது. முன்பெல்லாம் துணி கொண்டுவருகிறவர்கள் துணியோடு கொஞ்சம் பேச்சையும் கொண்டுவருவார்கள். மாமியார் படுத்தியதையும் பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டதையும் சொல்லிவிட்டுத்தான் புடவையைக் கீழே வைப்பார்கள். இப்போது துணி, வீட்டு எண் எழுதிய பையில் தனியாக லிஃப்டில் இறங்கி வருகிறது. காவலாளி அதை மதில்மேல் வைப்பான். மாதத்துக்கொரு காவலாளி மாறுவான், ஒவ்வொருவனும் ஒவ்வொரு பாஷை. பணம் போனில் வரும். வந்ததென்று வண்டியில் இருக்கும் சின்னப் பெட்டி ஒன்று பெண் குரலில் அறிவிக்கும். பகல் முழுக்க சரளாவிடம் பேசுகிற ஒரே பெண் அந்தப் பெட்டிதான்.

மகள் சங்கமித்ரா பொம்மசந்திராவில் தொழிற்சாலை வேலையில், ஹாஸ்டலில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லையென்றால் போன் செய்வாள். மற்ற ஆறு நாளும் சரளா நீலசந்திராவிலிருந்து பஸ் ஏறி வந்து மரத்திடம் “வந்துட்டேன்” என்பாள், சாயங்காலம் “வரேன்” என்பாள். மரம் பதில் சொன்னதில்லை. ஆனாலும் இருபத்துநாலு மணி நேரமும் அங்கேயே இருந்தது. அவளுக்குத் தெரிந்தவர்களில் வேறு யாரும் அப்படி இருக்கவில்லை.

மரத்தின் நெஞ்சில் நான்கு ஆணி அடித்து ஒரு தகடு மாட்டியிருந்தார்கள். மாநகர மர நல வாரியம், மரம் எண் 4417, இலையோ கிளையோ பட்டையோ எதைத் தொட்டாலும் தண்டனை என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. ஒருமுறை மழைக்குத் தார்ப்பாய் கட்ட கோவிந்தப்பா ஒரு கிளையில் கயிறு போட்டார். வாரியம் வந்து, மரத்துக்கு வலிக்கும் என்று சொல்லி, வண்டியைப் பதினோரு நாள் தூக்கிக்கொண்டு போய் வைத்திருந்தது. அதிலிருந்து சரளா அந்த மரத்தில் சாய்வதுகூடக் கிடையாது. இடம் போனால் எல்லாம் போயிற்று.

ஆகஸ்ட் மழையில் ஒரு நாள், கீழ்க்கிளையில் எலுமிச்சை மஞ்சளாக ஒரு நூல் தொங்கியது. யாரோ மாடியிலிருந்து போட்ட நூல் என்று நினைத்தாள். மறுநாள் அது இரண்டு முழம் நீண்டிருந்தது. இலை கிடையாது, தரையில் வேர் கிடையாது, கிளையைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே மேலே போனது. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

“அது ஒட்டுண்ணிக் கொடிம்மா. மரத்தோட சாறை உறிஞ்சி வாழும். துண்டு விழுந்தாலும் முளைக்குமாம். இப்பவே பிச்சுப் போடு,” என்றாள் சங்கமித்ரா.

“பிச்சா வண்டிய தூக்கிடுவாங்கடி.”

“அப்ப அவங்களையே பிக்கச் சொல்லு.”

இது நியாயமாகத்தான் பட்டது. அரை நாள் வண்டியை மூடிவிட்டு சரளா வாரியத்தின் வார்டு அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் ராஜேஷ்குமார் என்பவர் கம்ப்யூட்டர் முன் இருந்தார். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். நாற்காலிதான் இல்லை.

“மரம் விழுந்துடுச்சாம்மா?”

“இல்ல சார், நிக்குது.”

“விழப்போகுதா?”

“இப்போதைக்கு இல்ல சார்.”

“கிளை எதுனா ஒடஞ்சுதா?”

“அதுவும் இல்ல சார். ஒரு கொடி ஏறிகினு மரத்த உறிஞ்சுது. இப்பவே எடுத்துட்டா பொழச்சிக்கும்.”

ராஜேஷ்குமார் வருத்தத்தோடு திரையைப் பார்த்தார். “பொழைக்கிற மரத்துக்கு இதுல ஆப்ஷன் இல்லம்மா. விழுந்தப்புறம் வந்தா நாலு ஆப்ஷன் இருக்குது.” ஆனாலும் அவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். மரத்தில் சிக்கிய பொருட்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. பட்டம், பேனர், கேபிள், பூனை. “பட்டம்னு போட்டா சங்கராந்திக்குதான் வருவாங்க. பேனரும் கேபிளும் வேற டிபார்ட்மென்ட். பூனைன்னா அன்னிக்கே வருவாங்க. பூனைன்னு போட்டுடறேன். வர்றவங்க கிட்ட நீங்க வெவரமா சொல்லிக்கங்க.”

அன்றைக்கே வந்தார்கள். நான்கு பேர், நீள ஏணி, ஒரு வலை, தட்டில் கொஞ்சம் கருவாடு. ஏணியைப் போட்டு உச்சிவரை ஏறி, மஞ்சள் கொடியை விலக்கி விலக்கித் தேடினார்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு தலைவர் இறங்கி வந்து, “பூனை இல்லம்மா,” என்றார்.

“தெரியும்பா. அந்தக் கொடிக்குதான் கூப்ட்டேன். ஏறினதுதான் ஏறினீங்க, அத இழுத்துப் போட்டுடுங்களேன்.”

“நாங்க பூனை யூனிட்மா. கொடியத் தொட்டா எங்க வேலை போயிடும்.”

சாயங்காலம் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. மரம் எண் 4417இல் பூனை இல்லை, தங்கள் புகார் தீர்ந்தது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தது. சரளா அதை இரண்டு முறை படித்தாள். அவள் அபிப்பிராயத்தை ஒருவர் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. நான்கு பேர் அரை மணி நேரம் தன் வண்டிப் பக்கத்தில் நின்றதும், ஒருவர் ஃபாரத்தில் நிரப்ப அவள் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வர, ஐந்தையும் அழுத்திவிட்டாள்.

வாரியத்தின் சரித்திரத்தில் யாரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததில்லை போலிருக்கிறது. அடுத்த வாரமே உதவி இயக்குநர் சாமிநாதன், ஆண்டறிக்கைக்குப் போட்டோ எடுக்க நேரில் வந்தார். மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற குடும்பம், அதனால் எதற்கும் அவசரப்படமாட்டார். சரளா அவரைக் கொடியின் பக்கம் அழைத்துப் போனாள். அதற்குள் அது கிளை பிரியும் இடத்தைத் தாண்டியிருந்தது.

“வேர் எங்கம்மா?”

“இதுக்கு வேர் கெடையாதுங்க சார்.”

“அப்போ தோட்டப் பிரிவு வராது. இலை?”

“இலையும் கெடையாதுங்க.”

“அப்போ குப்பைப் பிரிவும் வராது. வேரும் இல்ல, இலையும் இல்லன்னா இது செடியே இல்லையேம்மா. எந்தச் சட்டத்துல நான் இதைத் தொடறது?”

“கையால தொடலாங்க சார். சும்மா இழுத்தாலே வந்துடும்.”

சாமிநாதன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “இருபத்தாறு வருஷ சர்வீஸ். இந்த வாரியத்துல இருந்துண்டு ஒரு மரத்தைக்கூட நான் தொட்டது கிடையாது. அதனாலதான் என் பேர்ல ஒரு விசாரணைகூட கிடையாது. ரெண்டு வருஷத்துல ரிட்டையர் ஆகப்போறேன். இப்போ போய்த் தொடச் சொல்றேளே.”

பிறகு, வேரும் இலையும் இல்லாத ஒரு பொருள் மரத்தின்மீது காணப்படுகிறது, அது தானாக விலகும்வரை கண்காணிக்கலாம் என்று எழுதினார். கொடியின்மேல் சிவப்பு நாடா கட்டி, ‘கண்காணிப்பில் உள்ளது, தொடாதீர்’ என்று அட்டை தொங்கவிட்டார். கண்காணிப்பவர் என்ற இடத்தில் சரளாவிடம் கையெழுத்து வாங்கினார். சரளாவுக்கு அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அரசாங்கக் காகிதம் ஒன்றில் அவளுக்கென்று ஒரு வேலை எழுதியிருந்தது.

அந்த வேலையை அவள் ஒழுங்காகச் செய்தாள். தீபாவளிக்குக் கொடி பாதி மரத்தைப் பிடித்தது. கிறிஸ்துமஸுக்கு உச்சியைத் தொட்டது. வாரா வாரம் போன் செய்து சொன்னாள். புகார் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் தீர்ந்த புகாரைத் தீர்க்க வழியில்லை என்று ராஜேஷ்குமார் ஒவ்வொரு முறையும் மரியாதையாகவே சொன்னார். வண்டியில் நின்றபடி கையை நீட்டினால் கீழ்க்கொடி எட்டும். பலமுறை நீட்டினாள். அந்தப் பதினோரு நாள் ஞாபகம் வர, இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் இந்த ஊருக்கு மஞ்சள் பைத்தியம் பிடிக்கும். டபேபியா மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு உடம்பெல்லாம் மஞ்சளாகப் பூக்கும். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் படம் போடும், எந்தச் சாலையில் பூத்ததோ அந்தச் சாலையின் அதிகாரிக்குப் பாராட்டு கிடைக்கும். பூத்தது மரம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வாரியத்தின் இயக்குநர் ஸ்ரீஹர்ஷாவின் எல்லைக்குள் அந்த ஜாதி மரம் ஒன்றுகூட இல்லை. மனிதர் மூன்று பிப்ரவரியாகத் தலை குனிந்திருந்தார். நான்காவது பிப்ரவரியில், அவர் கார் அந்தத் தெரு வழியாகப் போனது. புங்கை அந்தப் பருவத்தில் இலை உதிர்த்துவிடும். மொட்டைக் கிளைகளின்மேல் அடி முதல் நுனிவரை கொடி மஞ்சளாகப் போர்த்தியிருந்தது. ஸ்ரீஹர்ஷா காரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்காமலே இரண்டு நிமிடம் பார்த்தார்.

மூன்றே நாளில் மேடை வந்தது, மைக் வந்தது, ‘தங்கப் புங்கை மலர் விழா’ என்று பேனர் வந்தது. பேனரை மரத்திலேயே ஆணியடித்தார்கள். ஸ்ரீஹர்ஷா கன்னடத்தில் பேசினார். சரளாவுக்கு அது தமிழ் போலத்தான்.

“புங்கமரம் வெள்ளையாகப் பூக்கும் என்று பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வாரியம் அதைப் பொய்யாக்கியிருக்கிறது. எப்படி என்று கேட்கிறார்கள். ரகசியம் ஒன்றுமில்லை. இந்த மரத்துக்கு நாங்கள் தண்ணீர் விடவில்லை. உரம் போடவில்லை. ஒரு பூனை விஷயமாகத் தவிர இந்தப் பக்கமே வரவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது அவ்வளவு சுலபம் என்று நினைக்கிறீர்களா? அதற்கு நூற்று நாற்பது பேர் தினமும் அலுவலகம் வரவேண்டியிருக்கிறது!”

கைதட்டல் ஓய்ந்ததும் சரளா மேடையோரம் போனாள். “சார், அது பூ இல்லீங்க சார். கொடி. மரத்தைத் தின்னுது.”

ஸ்ரீஹர்ஷா சிரித்தார். “நீங்க யாரும்மா?”

“இஸ்திரி போடறேன் சார்.”

“ரொம்ப சந்தோஷம். உங்க இஸ்திரியைப் பத்தி நான் ஏதாவது சொல்றேனா?”

மறுபடி கைதட்டல். அவர் சட்டைக் கையில் இரட்டை மடிப்பு விழுந்திருந்தது. சரளா அதைப் பார்த்தாள், சொல்லவில்லை. பின்னால் நின்ற சாமிநாதனிடம், “சார், நீங்களே வந்து பாத்தீங்களே,” என்றாள்.

“பார்த்தேன். அன்னிக்கு எனக்கு மேல இருக்கறவா பார்க்கலை. இன்னிக்குப் பார்த்துட்டா. அப்போ அவா பார்த்ததுதானே சரி?” என்றார் சாமிநாதன், ஒளிவுமறைவில்லாமல்.

மரத்தைச் சுற்றி இரும்புக் கிராதி வந்தது. இஸ்திரி வண்டியைத் தெருவின் எதிர்ப்பக்கம், நிழலே இல்லாத இடத்துக்குத் தள்ளினார்கள். அப்புறம் ஜனங்கள் வந்தார்கள். காலையில் காமிராக்காரர்கள், மத்தியானம் காலேஜ் பிள்ளைகள், சாயங்காலம் கல்யாணம் நிச்சயமான ஜோடிகள். நான்கு வருடமாக ஈ காக்கை எட்டிப் பார்க்காத இடத்தில் தேர்க்கூட்டம். ஐந்து மாடி வீட்டுக்காரர்கள்கூட இறங்கி வந்தார்கள். பையின் எண்ணாக மட்டும் தெரிந்தவர்களை சரளா அப்போதுதான் முகமாகப் பார்த்தாள். வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஆசையாகத்தான் இருந்தது. யாராவது பேசுவார்கள் என்று பார்த்தாள். பேசினார்கள். “ஆன்ட்டி, ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்கோங்க,” என்றார்கள். தள்ளிக்கொண்டாள்.

ஒரே ஒரு பெண் மட்டும் கிராதிமேல் எம்பி மூக்கை நீட்டி, “வாசனையே இல்லையே,” என்றாள். சரளா பெட்டியை அப்படியே வைத்துவிட்டு விழுந்தடித்துத் தெருவைத் தாண்டி ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்ணின் ஆட்டோ கிளம்பிவிட்டது.

மார்ச்சில் புங்கை துளிர்க்கும். தளதளவென்று, எண்ணெய் தடவியது போல இலை வரும். தெருவில் இருந்த மற்ற புங்கைகளெல்லாம் துளிர்த்தன. 4417 துளிர்க்கவில்லை. பூத்த களைப்பு என்றது வாரியம். ஏப்ரலில், ஓய்வெடுக்கிறது என்றது. மே மாதம் ஒரு காற்றில் பெரிய கிளை முறிந்து விழுந்தபோது உள்ளே சுக்காக இருந்தது. முறிந்த கிளைக்கு ஆப்ஷன் இருந்ததால் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்கள்.

விசாரணைக் குழு ஒன்று கூடி மரம் செத்த காரணத்தைக் கண்டுபிடித்தது. பதினெட்டு வருட இஸ்திரிக் கரியின் சூடு. ஆதாரமாக, கண்காணிப்பவர் என்ற இடத்தில் சரளாவின் கையெழுத்து இருந்தது. கண்காணிக்கத் தெரிந்தவர் ஏன் காப்பாற்றவில்லை என்று குழு கேட்டிருந்தது. வழக்குப் போடாமல் பெருந்தன்மையாக, இரண்டு நாளில் அந்தத் தெருவைக் காலி செய்தால் போதும் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். மரத்துக்கு ஓர் இரங்கல் கூட்டமும் நடந்தது. ஸ்ரீஹர்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரளாவுக்கு அழைப்பு இல்லை. ரம்பம் ஓடியபோது அவள் எதிர்ப்பக்கம் நின்று வாய்விட்டு அழுதாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ரம்பத்தின் சத்தம் அப்படி. அன்று சாயங்காலம் “வரேன்” என்று சொல்ல வாயெடுத்து, யாரிடம் என்று தெரியாமல் பஸ் ஏறினாள்.

இரண்டு தெரு தள்ளி, ஒரு பாதாம் மரத்தடியில் வண்டியைப் போட்டாள். எதிரே வேறொரு குடியிருப்பு, அதே மாதிரி லிஃப்ட், அதே மாதிரி பைகள். வாட்ஸப்பில் அவள் எண் போனது, துணி வந்தது. பாதாம் இலை அகலமானது, நிழல் தாராளம். புது மரத்தோடு பேச அவளுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் மெதுவாக “வந்துட்டேன்” என்று சொல்லிப் பார்த்தாள்.

எட்டாம் நாள் காலை ஒரு லாரி வந்து நின்றது. ‘தங்க மலர் பரவல் திட்டம், தெருவுக்கு ஒரு மரம்’ என்று அதில் எழுதியிருந்தது. பூனை யூனிட்டின் அதே நான்கு பேர் இறங்கினார்கள். இப்போது மலர் யூனிட்டாம், புதுத் தொப்பி கொடுத்திருந்தார்கள். லாரி நிறைய ஈரச் சாக்கில் சுற்றிய மஞ்சள் கொடி. 4417 சாவதற்கு முன்பே அதிலிருந்து வெட்டி, வாரியத்தின் நர்சரியில் செடிகள்மேல் படரவிட்டு, பிள்ளை போல வளர்த்திருந்தார்கள். வாரியம் தண்ணீர் விட்டு வளர்த்த முதல் உயிர் அது.

“இங்க வேணாம்பா. கால்ல வேணா விழறேன்,” என்றாள் சரளா.

“ஆர்டர்மா,” என்றார் தலைவர். ஏணியைப் போட்டு, கோயில் தேருக்கு மாலை சாத்துவது போல ஒவ்வொரு கிளையிலும் பக்தியாகச் சாத்தினார்கள். “போட்டோ எடுக்கணும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றார்கள். எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள்.

சரளா தெருவின் இந்த முனையைப் பார்த்தாள், அந்த முனையைப் பார்த்தாள். பார்க்கிறவர்கள் யாரும் இல்லை. தனியாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டென்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிமேல் ஏறினாள். ஐம்பத்திரண்டு வயதில் அங்கிருந்து கிளைக்கும் ஏறினாள். நகநீளத் துண்டுகூட விடாமல் இழுத்துப் போட்டாள். பன்னிரண்டு மணிக்கு மரம் சுத்தமாக இருந்தது, தரையில் ஒரு மூட்டைக் கொடி கிடந்தது.

குப்பையில் போட்டால் வேறெங்காவது ஏறும். யோசித்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியைத் திறந்து கரிமேல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். சுர்ரென்று பொசுங்கியது. கசப்பும் புளிப்புமாக ஒரு புகை எழுந்து, அன்றைக்குத் தேய்த்த துணியெல்லாம் அதே வாசனை அடித்தது. துணிகளைப் பையில் போட்டு அனுப்பினாள்.

நான்கு மணிக்கு எதிர்க் குடியிருப்பின் கேட் திறந்தது. கையில் ஒரு குர்த்தாவோடு ஓர் இளம்பெண் நேராக வண்டிக்கு வந்தாள். மூன்றாம் மாடி, பெயர் நிருபமா என்றாள். இங்கே வந்த இத்தனை நாளில் வண்டிவரை வந்த முதல் ஆள்.

“என்னம்மா இது, துணியெல்லாம் ஒரு மாதிரி வாசனை? ரொம்பப் பேஜாரா இருக்கு.”

“உக்காருங்கம்மா, சொல்றேன்,” என்று ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டாள் சரளா. கொடியைச் சொன்னாள், பூனையைச் சொன்னாள், மேடையைச் சொன்னாள், ரம்பத்தைச் சொன்னாள். நிருபமா முதலில் நின்றுகொண்டே கேட்டாள், பூனைக்குச் சிரித்தாள், பிறகு உட்கார்ந்தாள். ரம்பம் வந்தபோது போனைத் திருப்பி மடியில் வைத்துவிட்டு, “அடப் பாவமே,” என்றாள். கால் மணி நேரம் இருந்திருப்பாள். யாரோ கூப்பிட, எழுந்துகொண்டாள்.

“சரி விடுங்க. இனிமே இந்த வாசனை வராம பாத்துக்கங்க. வராதுன்னா நான் எதுக்கு எறங்கி வரப்போறேன்?”

“சரிம்மா,” என்றாள் சரளா.

கேட் மூடியது. மூட்டையில் இன்னும் ஒரு பிடி கொடி எரியாமல் இருந்தது. சரளா அதைக் கரியில் போடக் கையிலெடுத்தாள். மூன்றாம் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அதை ஒரு தகர டப்பாவில் அடைத்து, துண்டு எதுவும் வெளியே நீட்டவில்லையே என்று சரிபார்த்து, மூடியை இறுக்கித் திருகி, நாளைக்கென்று வண்டிக்கடியில் பத்திரமாக வைத்தாள்.